இணையப் பக்கத்தில் அடுக்கடுக்காக எழும் நிகழ்ச்சிகள்

ரயில் பிரயாணத்திற்கு இடம் பதிவு செய்யும் கம்ப்யூட்டர் முறையின் வரலாற்றில் செகந்திராபாத்துக்கு ஓர் இடம் உண்டு. 'கான்ஸர்ட்' எனப் பெயரிடப்பட்ட பதிவு முறை 1994ஆம் ஆண்டில் முதன்முதலாக இந்நகரிலேயே நடைமுறைக்கு வந்தது. டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999இல் ஒரே வலையாக இணைக்கப்பட்டன. 2002 ஆகஸ்டு முதல் இணையத்தின் வாயிலாகவும் சீட்டுப் பெற வழி ஏற்பட்டது. முன்னாளில் கவுண்டருக்கு அப்பால் அமர்ந்திருந்த குமாஸ்தா தட்டிய எழுத்துக்களை இன்று பிரயாணியே தம் கைப்பேசியில் தட்டுகிறார்.

குமாஸ்தாவுக்கு நிலையங்களின் சுருக்கக் குறிகள் மனப்பாடம். செகந்திராபாத்துக்கு 'எஸ்.சி.' என்னும் இரண்டே எழுத்துக்கள் அவருக்குப் போதும். பிரயாணிக்கு அக்குறி தெரியாது. ஆகவே ஊர்ப் பெயரைக் கேட்கும் இணையப் பக்கங்கள், சில எழுத்துக்கள் விழுந்தவுடனேயே பொருத்தமான நிலையங்களின் பட்டியலைக் கீழே விரித்துக் காட்டும்படி அமைக்கப்படுவதுண்டு. வசதியான ஏற்பாடுதான். ஆனால் ஆங்கிலத்தில் செகந்திராபாத் என்று எழுதப் பன்னிரண்டு எழுத்துக்கள் வேண்டும். ஒவ்வோர் எழுத்து விழும்போதும் பிரவுஸர் ஒரு முறை பக்கத்தின் ஸ்கிரிப்டை அழைத்து, 'கட்டத்தில் உள்ளது மாறிவிட்டது' என்று அறிவிக்கிறது. இத்தகைய அறிவிப்புக்கே 'நிகழ்ச்சி' என்று பெயர். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஸ்கிரிப்ட் தலைமைக் கம்ப்யூட்டராகிய ஸர்வருக்கு ஒரு வினா அனுப்புமானால், ஓர் ஊரின் பெயருக்காகப் பன்னிரண்டு வினாக்கள் புறப்படும். அவற்றுள் பதினொன்றின் விடையை எவரும் படிப்பதில்லை. ஆயிரம் பிரயாணிகள் ஒரே வேளையில் பெயரைத் தட்டினால் வினாக்கள் பன்னீராயிரம். தத்கால் பதிவு தொடங்கும் காலை வேளையை நினைத்துக்கொண்டால் இக்கணக்கின் பொருள் விளங்கும்.

சுமை ஸர்வருக்கு மட்டும் அன்று. 1995இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு பக்கத்தின் ஸ்கிரிப்ட் பொதுவாக ஒரே ஆள் வேலை செய்யும் கவுண்டரைப் போன்றது. ஒரு வேலை முடியும்வரை அடுத்த வேலை வரிசையில் நிற்க வேண்டியதுதான். திரையைப் புதிதாக வரைவதும் அவ்வரிசையிலேயே நிற்கிறது. எழுத்து தட்டுதல், பக்கத்தை உருட்டுதல், சாளரத்தின் அளவை மாற்றுதல், திரைமேல் விரலை இழுத்தல் ஆகிய செய்கைகள் விநாடிக்குப் பல நிகழ்ச்சிகளை எழுப்ப வல்லவை. ஒவ்வொன்றுக்கும் ஸ்கிரிப்ட் நீண்ட வேலை ஒன்றைச் செய்யத் தொடங்கினால் திரை திக்கித் திக்கி நகரும். தட்டிய எழுத்து சற்றுப் பின்னரே தோன்றும். விலையுயர்ந்த கைப்பேசியில் சோதித்துப் பார்த்தவருக்கு இக்குறை புலப்படாமற் போகலாம். கள ஊழியரின் பழைய கைப்பேசியில் அது முதல் நாளே புலப்படும்.

இப்பிரச்சினை கம்ப்யூட்டருக்கு முற்பட்டது. செகந்திராபாத்தின் தார்நாக்காப் பகுதியில் இந்திய ரயில்வேயின் ஸிக்னல், தொலைத்தொடர்புப் பொறியியல் பயிற்சி நிலையம் ஒன்று உள்ளது. 1957ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நிறுவப்பட்ட இந்நிலையத்தில் நாடெங்கிலுமிருந்து ஸிக்னல் ஊழியர்கள் பயிற்சி பெற வருகின்றனர். இத்துறையினர் அடிப்படையாகக் கற்கும் சாதனங்களுள் தண்டவாள மின்சுற்றும் ஒன்று. அமெரிக்கரான வில்லியம் ராபின்ஸன் 1872இல் காப்புரிமை பெற்ற இச்சுற்றின் தத்துவம் மிக எளிது. பாதையின் ஒரு கோடியில் பாட்டரி. மறு கோடியில் ரிலே என்னும் மின்காந்த விசை. பாட்டரியின் மின்சாரம் ஒரு தண்டவாளத்தின் வழியாகச் சென்று, ரிலேயின் சுருளைக் கடந்து, மற்றத் தண்டவாளத்தின் வழியாகத் திரும்புகிறது. பாதை காலியாக இருக்கும்வரை ரிலே எழுந்து நிற்கும். ரயிலின் சக்கரங்கள் ஏறியதும் அவற்றின் அச்சு இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்சாரம் குறுக்கு வழியே பாய்ந்துவிடுவதால் ரிலே வலுவிழந்து விழும், கைகாட்டி சிவப்பாகும்.

நடைமுறையில் தண்டவாளம் எப்போதும் சுத்தமாக இருப்பதில்லை. துருவும் மணலும் படிந்த இடத்தில் கனமில்லாத வண்டி ஒன்று ஓடினால், சக்கரத்திற்கும் தண்டவாளத்திற்கும் இடையிலுள்ள தொடர்பு கணப்பொழுது அறுந்து மீண்டும் கூடலாம். அக்கணத்தில் ரிலே துள்ளி எழும். வண்டி நிற்கும் பாதை காலி என்று தோன்றும். இவ்வபாயத்தைத் தடுக்க, முதல் ரிலேயைப் பின்பற்றும் மற்றொரு ரிலேயைத் தாமதமாக எழும்படி அமைக்கும் முறை ஸிக்னல் துறையில் வழக்கமாயிற்று. பாதையில் வண்டி இருக்கிறது என்ற செய்தி உடனே ஏற்கப்படும். பாதை காலியாயிற்று என்ற செய்தியோ, அது சற்று நேரம் மாறாமல் நிலைத்திருந்தால் மட்டுமே ஏற்கப்படும். எழுதலிலும் விழுதலிலும் ஒரே அளவு தாமதம் வைத்திருந்தால் சாதனம் பயனற்றுப் போவதோடு அபாயமாகவும் முடிந்திருக்கும். தாமதத்தால் தீங்கு நேராத பக்கம் எது என்று ஆராய்ந்து, அந்தப் பக்கத்தில் மட்டுமே தாமதம் வைக்கப்பட்டுள்ளது.

சாதாரண மின்விசையிலும் இத்துள்ளல் உண்டு. உலோகத் துண்டுகள் இரண்டு மோதும்போது ஒரே மோதலில் ஒட்டிக்கொள்வதில்லை. சில மில்லி விநாடிகளுக்குள் பலமுறை துள்ளிப் பின்னரே நிலைபெறுகின்றன. அத்துள்ளலை நீக்கி ஒரே அழுத்தமாகக் கணக்கிடுவதை மின்னணுப் பொறியியலார் 'டிபவுன்ஸ்' என்றனர். இணையப் பக்கங்களை எழுதுவோரிடையே இச்சொல்லை ஜான் ஹான் என்பவர் 2009இல் எழுதிய கட்டுரை பரப்பியது. தட்டெழுத்துக்காரரின் விரல்கள் உலோகத் துண்டைப் போலத் துள்ளுவதில்லை என்றாலும் உவமை பொருந்துகிறது. கை ஓய்ந்து, எழுத்து நிலைபெறும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே கருத்து.

செய்முறை வருமாறு. ஒரு நிகழ்ச்சி எழுந்தவுடன் வேலையைச் செய்யாமல், 400 மில்லி விநாடி கழித்துச் செய்யுமாறு ஒரு கடிகாரத்தை முடுக்கிவிட வேண்டும். அந்நேரம் முடியுமுன் மற்றொரு நிகழ்ச்சி எழுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்றை முடுக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் முடுக்குவதற்கு 'செட் டைம்அவுட்' என்றும் நிறுத்துவதற்கு 'கிளியர் டைம்அவுட்' என்றும் ஆணைகள் உள்ளன. நிகழ்ச்சிகள் ஓய்ந்து 400 மில்லி விநாடி கழிந்த பின்னரே வினா புறப்படும். இதில் புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. எந்தக் கடிகாரத்தை நிறுத்துவது என்பதற்கான அடையாள எண், எல்லா நிகழ்ச்சிகளுக்கும் பொதுவான ஓரிடத்தில் காக்கப்பட வேண்டும். அதனை நிகழ்ச்சியை ஏற்கும் பகுதிக்குள்ளேயே புதிதாக உண்டாக்கிவிட்டால் ஒவ்வொரு நிகழ்ச்சியும் தன் கடிகாரத்தைத் தனியே ஓட்டும். அப்போதும் பன்னிரண்டு வினாக்களும் போகும். சற்றுத் தாமதமாகப் போகும், அவ்வளவே.

காத்திருக்கும் நேரம் எவ்வளவு? நிமிடத்திற்கு 40 சொற்கள் தட்டுபவர், சொல்லுக்கு ஐந்தெழுத்து வீதம், ஏறக்குறைய 300 மில்லி விநாடிக்கு ஒரு விசையைத் தட்டுகிறார். காத்திருக்கும் நேரத்தை 200 மில்லி விநாடி என்று வைத்தால், இரண்டு விசைகளுக்கு இடையிலேயே அந்நேரம் முடிந்துவிடும். பன்னிரண்டு எழுத்துக்களுக்கும் பன்னிரண்டு வினாக்கள் முன்போலவே புறப்படும். ஸ்கிரிப்டை எழுதியவர் வேகமாகத் தட்டுபவராதலால் அவர் மேஜையில் ஒரே வினா போகிறது. ஒற்றை விரலால் தட்டும் ஆசிரியரிடம் அதே பக்கம் பன்னிரண்டு அனுப்புகிறது. அதற்காக இரண்டு விநாடி காக்கச் செய்தால் பக்கம் பழுதாகிவிட்டதென்று கருதி அவர் எழுந்து போய்விடுவார். பத்தில் ஒரு விநாடிக்குள் வரும் விளைவை மனிதர் உடனடி விளைவாக உணர்வதாகவும், ஒரு விநாடியைத் தாண்டினால் கவனம் சிதறத் தொடங்குவதாகவும் இத்துறையில் நெடுநாளாகக் கொள்ளப்பட்டு வருகிறது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையில், உபயோகிப்போரின் உண்மையான தட்டும் வேகத்தை அளந்து நேரத்தைத் தீர்மானிப்பதே சரி. பிறர் பக்கத்திலிருந்து எண்ணைப் பெயர்த்து எழுதுவதால் பயனில்லை.

வினாக்கள் குறைந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பதற்கில்லை. 'எஸ், ஈ' என்னும் இரண்டு எழுத்துக்களுக்குப் பின் பிரயாணி சற்றுத் தயங்கினால் அவ்விரண்டுக்கும் ஒரு வினா புறப்பட்டுவிடும். பின்னர் அவர் பெயர் முழுவதையும் தட்டி முடிக்க இரண்டாவது வினா புறப்படும். இணையத்தில் முதலில் புறப்பட்ட வினாவின் விடை முதலில் வந்து சேரும் என்ற நியதி இல்லை. கிராமப்புறத்தில் கோபுரத் தொடர்பு ஏறி இறங்கும்போது முதல் விடை பிந்தி வருதல் சாதாரணம். அவ்வாறு வந்தால், செகந்திராபாத் என்று முழுமையாக எழுதப்பட்ட கட்டத்தின் கீழ் சியால்தா, செங்கோட்டை, சேவாகிராம் என்ற பெயர்களைத் தாங்கிய பழைய பட்டியல் திடீரென்று விரியும். பிரயாணியின் விரல் அதற்குள் கீழிறங்கிக்கொண்டிருக்கும். தெலங்கானாவுக்குப் போக வேண்டியவர் பெயரில் வங்காளத்து நிலையம் பதிவாகும்.

இங்கேதான் ஸிக்னல் ரிலேயின் பாடம் நேராகப் பயன்படுகிறது. எழுத்து மாறியது என்ற செய்தியை உடனே ஏற்றுப் பழைய பட்டியலை அக்கணமே மறைத்துவிட வேண்டும். அதில் தாமதம் கூடாது. புதிய பட்டியலை விரிப்பதற்கு மட்டுமே காத்திருக்கலாம். அத்துடன் ஒவ்வொரு வினாவுக்கும் வரிசை எண் ஒன்று கொடுத்து, கடைசி எண்ணுக்குரிய விடையை மட்டுமே ஏற்க வேண்டும். பழைய வினாவையே ரத்து செய்யும் 'அபார்ட் கண்ட்ரோலர்' என்னும் சாதனமும் இன்றைய பிரவுஸர்களில் அமைந்துள்ளது.

ஓய்வுக்குக் காத்திருக்கும் முறை ஓய்வே இல்லாத இடத்தில் தோற்றுப் போகும். மாணவர்களின் மதிப்பெண்களைப் பக்கத்தில் பதியும் ஆசிரியர் ஒருவரைக் கருதலாம். எழுதுவதை நிறுத்தி மூன்று விநாடி கழிந்ததும் தானே சேமிக்கும்படி அப்பக்கம் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியர் வேகமானவர், மூன்று விநாடிக்கு மேல் கை ஓயாமல் பத்து நிமிடம் தொடர்ந்து பதிகிறார். ஒவ்வொரு விசையும் முந்திய கடிகாரத்தை நிறுத்திவிடுவதால் பத்து நிமிடமாக ஒன்றுமே சேமிக்கப்படவில்லை. அப்போது மின்சாரம் போகிறது. நாற்பது மாணவர்களின் மதிப்பெண்களும் போகின்றன. எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்தாரோ அவ்வளவு நஷ்டம்! மெதுவாகத் தட்டியிருந்தால் அவர் தப்பியிருப்பார்.

ஆகவே இத்தகைய இடங்களில் காத்திருப்பதற்கு ஒரு மேல் வரம்பு வைக்க வேண்டும். நிகழ்ச்சிகள் ஓய்ந்தாலும் ஓயாவிட்டாலும் இருபது விநாடிக்கு ஒரு முறை சேமித்தே தீர வேண்டும் என்பது போன்ற வரம்பு அது. 'லோடாஷ்' என்னும் பிரபலமான துணை நூலகத்தில் இதற்கென்றே 'மாக்ஸ் வெயிட்' என்ற ஏற்பாடு உள்ளது. பக்கம் மறைக்கப்படும்போது நிலுவையிலுள்ளதை அப்போதே அனுப்பிவிடுவதும் அவசியம். திரையில் காட்டும் குறிப்பிலும் ரிலேயின் முறையே தகும். முதல் விசை விழுந்ததும் 'சேமிக்கப்படவில்லை' என்ற குறிப்புத் தோன்ற வேண்டும். 'சேமிக்கப்பட்டது' என்ற குறிப்போ ஸர்வரிடமிருந்து ஒப்புதல் வந்த பின்னரே தோன்றலாம். கடிகாரம் முடுக்கப்பட்டவுடனேயே 'சேமிக்கப்பட்டது' என்று அறிவிக்கும் பக்கங்களும் இல்லாமலில்லை. அவை வண்டி நிற்கும் பாதையில் பச்சை காட்டும் கைகாட்டிகள்.

மேல் வரம்பு என்னும் எண்ணத்தை முதன்மையாக்கினால் இரண்டாவது முறை கிடைக்கிறது. எத்தனை நிகழ்ச்சிகள் எழுந்தாலும் குறித்த இடைவெளிக்கு ஒரு முறைக்கு மேல் வேலை நடக்கக் கூடாது என்பது அதன் விதி. எஞ்சினுக்குச் செல்லும் நீராவியை இறுக்கும் அடைப்பின் பெயரையே இதற்கும் இட்டு 'திராட்டில்' என்கின்றனர். டிபவுன்ஸ் முறையில் கை ஓயும்வரை ஒன்றும் நடவாது. திராட்டில் முறையில் கை ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவாக நடந்துகொண்டிருக்கும். பக்கத்தை உருட்டும்போது, எவ்வளவு படித்தாயிற்று என்று காட்டும் கோடு ஒன்று நீள வேண்டுமானால் திராட்டில் ஏற்றது. உருட்டி நிறுத்திய பின் திடீரென்று நீளும் கோட்டினால் யாருக்கு என்ன லாபம்?

உருட்டலின் விஷயத்தில் நன்கறியப்பட்ட சம்பவம் ஒன்று 2011ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நிகழ்ந்தது. டுவிட்டர் தளத்தின் பக்கத்தைக் கீழே உருட்டும்போது அது மிகவும் தளர்ந்து போயிற்று. ஒவ்வோர் உருட்டல் நிகழ்ச்சியின்போதும் பக்கத்தின் உறுப்புக்களைப் புதிதாகத் தேடும் வேலை நடந்ததும், அத்தேடல் அப்போது மாற்றப்பட்டிருந்த துணை நூலகத்தில் முன்னிலும் மெதுவாக நிகழ்ந்ததும் காரணங்களெனத் தெரிந்தது. ஜேகுவெரி நூலகத்தை இயற்றிய ஜான் ரெஸிக் இதனை ஆராய்ந்து ஓர் ஆலோசனை கூறினார். நிகழ்ச்சி எழும்போது 'உருண்டது' என்று ஓர் அடையாளம் மட்டும் இட்டு வைக்க வேண்டும். 250 மில்லி விநாடிக்கு ஒரு முறை அவ்வடையாளம் உண்டா என்று பார்த்து, இருந்தால் மட்டும் வேலையைச் செய்ய வேண்டும்.

இன்று திரையில் வரையும் வேலைக்கு இதைவிடச் செம்மையான வழி உண்டு. சாதாரணத் திரை விநாடிக்கு 60 முறை, அதாவது ஏறக்குறைய 16.7 மில்லி விநாடிக்கு ஒரு முறை, புதுப்பிக்கப்படுகிறது. அதற்கு மேல் வரைவது வீண். அடுத்த புதுப்பித்தலுக்குச் சற்று முன்னர் அழைக்குமாறு பிரவுஸரையே கேட்டுக்கொள்ளும் 'ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம்' என்ற ஆணை அதற்கு உதவுகிறது. ஒரு படம் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்குள் வந்துவிட்டதா என்று அறிவதற்காக மட்டும் உருட்டலைக் கவனிப்பதென்றால், 'இன்டர்செக்ஷன் அப்ஸர்வர்' என்னும் அமைப்பிடம் அப்பொறுப்பை ஒப்படைத்துவிடலாம். உருட்டல் நிகழ்ச்சியைத் தொடவே வேண்டியதில்லை.

திராட்டிலைக் கைக்கொள்வோர் கடைசி நிகழ்ச்சியை மறந்துவிடுதல் பெருங்குறை. ஏரியின் கரையில் நடந்து அதன் எல்லையைக் கைப்பேசியிற் பதியும் கள ஊழியரைக் கருதலாம். கருவி விநாடிதோறும் இருப்பிடத்தை அறிவிக்க, பத்து விநாடிக்கு ஒன்று மட்டும் ஏற்கப்படுகிறது என்று கொள்க. மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் பத்து விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடுகிறார். ஏழாவது விநாடியில் அவர் நின்றுவிட்டால், கடைசி ஏழு மீட்டருக்கு மேற்பட்ட தூரம் படத்தில் வராது. இடைவெளி முடியும்போது, இடையில் வந்தவற்றுள் இறுதியானதைக் கட்டாயம் ஏற்றுக்கொள்ளும்படி விதி அமைய வேண்டும். அப்போதும் இடையிலிருந்த கரையின் மூலை வெட்டுண்டு போகலாம். இவ்வேலைக்கு உரிய அளவுகோல் நேரமன்று, தூரம். மூன்று மீட்டர் நகர்ந்தால் ஒரு புள்ளி என்று வைத்தால் நின்று இளைப்பாறும்போது புள்ளிகள் குவிவதில்லை. வேகமாக நடக்கும்போது மூலை தப்புவதுமில்லை.

இவ்விரு முறைகளாலும் தீராத இடம் பணம் செலுத்தும் பொத்தான். விடை வரத் தாமதமானால் மனிதர் மீண்டும் அழுத்துவது இயல்பு. அதனை டிபவுன்ஸ் செய்தால், அழுத்தியும் ஒன்றும் நடவாதது கண்டு அவர் இன்னும் அழுத்துவார். திராட்டில் செய்தால், இடைவெளி கழிந்ததும் இரண்டாவது கட்டணம் புறப்பட்டுவிடும். முதல் அழுத்தத்திலேயே வேலையைத் தொடங்கி, அக்கணமே பொத்தானைச் செயலற்றதாக்கி, முடிவு இன்னதென்று உறுதியான பின்னரே அதனைத் திரும்ப இயங்கச் செய்வது தகும். விழுவது உடனே, எழுவது மெதுவாக என்ற அதே அமைப்பு. இதுவும் முழுக் காவலன்று. பிரயாணி பக்கத்தை மீண்டும் திறந்து அழுத்தினால் ஸ்கிரிப்டுக்குப் பழையது நினைவிராது. ஒவ்வொரு கட்டண முயற்சிக்கும் தனி எண் ஒன்று இட்டு, அதே எண் இரண்டாம் முறை வந்தால் ஸர்வர் புதிய கட்டணம் வசூலிக்காமல் பழைய முடிவையே திருப்பித் தெரிவிக்க வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட பொறுப்பைப் பிரவுஸரிடம் மட்டும் விட்டுவைப்பது நியாயமன்று.

வகுப்பில் இதனை விளக்க விரும்பும் ஆசிரியருக்கு ஓர் எழுத்துக் கட்டமும் மூன்று எண்ணிக்கைகளும் உள்ள சிறு பக்கம் போதும். முதலாவது எல்லா நிகழ்ச்சிகளையும் எண்ணும். இரண்டாவது 400 மில்லி விநாடி டிபவுன்ஸுக்குப் பின் எண்ணும். மூன்றாவது ஒரு விநாடித் திராட்டிலுடன், முதலும் இறுதியும் விடாமல் எண்ணும். 300 மில்லி விநாடிக்கு ஒரு விசை என்ற சீரான வேகத்தில் செகந்திராபாத் என்று ஆங்கிலத்தில் தட்டினால் முறையே 12, 1, 5 என்ற எண்கள் தோன்றும். பின் டிபவுன்ஸ் நேரத்தை 200 ஆகக் குறைத்துத் தட்டச் செய்தால் இரண்டாவது எண்ணிக்கையும் 12 ஆகிவிடும். மாணவர்கள் காரணத்தைத் தாமே கூறுவர்.

அதே பெயரைத் தமிழிலும் தட்டிப் பார்க்கச் சொல்லலாம். கண்ணுக்கு ஏழெழுத்து, யூனிகோடு முறையிலோ பதின்மூன்று குறிகள். தகரத்தின்மேல் இகரக் குறி ஏறுமுன் கட்டத்தில் இருப்பது 'செகந்த' என்னும் வேறொரு சொல். ஆங்கில எழுத்துக்களால் ஒலியைத் தட்டித் தமிழாக்கும் விசைப்பலகைகளில் எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும்போதும் நிகழ்ச்சிகள் எழுகின்றன. அவ்வமைப்புத் தொடங்குவதையும் முடிவதையும் பிரவுஸர் தனி நிகழ்ச்சிகளாக அறிவிப்பதால், முடியும்வரை வினா அனுப்பாமல் நிறுத்தி வைக்க முடியும். எண்ணிக்கை விசைப்பலகைக்கு விசைப்பலகை வேறுபடும். வகுப்பிலுள்ள கைப்பேசிகளில் வந்த எண்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் பார்க்கலாம்.